பத்ரி சார் தேடிய பெயர்

பெயர் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. பையனின் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டும் தழும்பு, மீன் முள்ளை வாயோரம் ஒதுக்கிவைத்துக்கொண்டே அவன் கதை பேசுகிற விதம், போன கிறிஸ்துமஸுக்கு அவன் அம்மா ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்துப் பலகாரம், அதைக் கடித்ததில் ஆடிப்போன தன் கடைவாய்ப் பல், எல்லாம் வந்து முன்னால் நின்றன. பெயரை மட்டும் காணோம். மேனேஜர் பத்ரி நிகோலேஷ்விலி கோட்டோரத்தில் நின்றபடி வாயைத் திறந்தார், திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் இருமினார். "யார எறக்கணும் சார்?" என்று உதவிப் பயிற்சியாளர் கிளீட்டஸ் பக்கத்திலிருந்து கேட்டார். பத்ரி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், பொறு என்று. பொறுக்க நேரமில்லை என்பது கிளீட்டஸுக்குத் தெரியும், தென்னை ஓலைப் பந்தலுக்கடியில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற அத்தனை பேருக்கும் தெரியும். பத்ரியின் பையன்கள் ஒரு கோல் முன்னால் இருக்கிறார்கள். இப்படியே முடிந்தால் முதல் பிரிவில் இன்னொரு வருடம், மதுரைக்காரர்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டால் கீழ்ப் பிரிவு. மதுரைக்காரர்கள் இடைவேளைக்குப் பிறகு பந்தைத் தரையில் உருட்டுவதையே விட்டுவிட்டார்கள், வானத்தைப் பார்த்து அடிக்கிறார்கள், அது கடற்காற்றில் கொஞ்சம் தள்ளாடி நேராகக் கோலுக்கு முன்னால் வந்து விழுகிறது. உள்ளே தடுத்து ஆடுகிற ஸ்டாப்பருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு பந்துக்கும் நொண்டி நொண்டித்தான் குதிக்கிறான். உயரமாக ஒருத்தன் வேண்டும். ஆள் இருக்கிறான், அதோ கார்னர் கொடிக்குப் பக்கத்தில் மஞ்சள் மேல்சட்டையோடு இன்னும் இரண்டு பேருடன் சேர்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறான். பெயர்தான் இல்லை.

தமிழ்ப் பெயர்கள் அப்படித்தான் என்று ஒரு சாக்கு உடனே வந்து நின்றது. பெயர் வராத இடத்துக்குச் சாக்கு மட்டும் எப்படித்தான் இவ்வளவு சுறுசுறுப்பாக வருகிறதோ. கருங்கடல் பக்கத்து ஜார்ஜியாவில் பிறந்து, அறுபதைத் தாண்டிய பிறகு குமரிக் கடற்கரையில் ஒரு மீனவ ஊரின் கிளப்புக்கு மேனேஜராக வந்தவர், இந்தப் பையன்களின் பெயர்களோ முன்பாதி ஒரு புனிதரும் பின்பாதி எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைக்காரனுமாக இருக்கின்றன, சகாய ஷிபின், மரிய கிளின்றன், அருள் ஆன்றோ, யாருக்குத்தான் குழம்பாது. ஆனால் சகாய ஷிபினும் மரிய கிளின்றனும் அருள் ஆன்றோவும் இப்போது கூப்பிடாமலே வந்துவிட்டார்களே. வந்து இறங்கிய வாரமே அத்தனை பெயரையும் குளிக்கும்போது சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தவர் அவர், ஊரே அசந்துபோனது. ஊர் அவர் பெயரைப் படுத்திய பாட்டுக்கு அது பெரிய தாராளம். நிகோலேஷ்விலி யார் வாயிலும் நுழையவில்லை, பத்ரி மட்டும் நுழைந்தது, நுழைந்ததும் இது வடநாட்டுக் கோயில் பெயராயிற்றே என்று பங்குச் சாமியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது, சந்தேகத்தைத் தீர்க்க ஞாயிறு பூசைக்குப் போன பத்ரி தங்கள் நாட்டுச் சபை வழக்கப்படி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகச் சிலுவை போட்டுக்கொண்டார், இருந்த குழப்பமும் இரட்டிப்பானது. சாமியார் அப்புறம் சிரித்துக்கொண்டே பள்ளி மைதானத்தையும் பயிற்சிக்குத் திறந்துவிட்டார். நல்ல மனுஷன். அவர் பெயர் என்ன? ஜெரோம். ஃபாதர் ஜெரோம். வருகிறது, பார், வருகிறது. பையன் பெயர் மட்டும்தான் எங்கோ கல்லுக்கடியில் நண்டு போலப் போய் ஒளிந்துகொண்டது, துரத்தினால் இன்னும் உள்ளே போகும், பார்க்காத மாதிரி இருந்தால் தானே வெளியே வரும்.

பார்க்காத மாதிரி இருக்கத்தான் அவருக்கு 'மக்கா' கிடைத்தது. இந்த ஊரில் அம்மா மகனை மக்கா என்கிறாள், மகன் கூட்டாளியை மக்கா என்கிறான், பெட்டிக்கடைக்காரர் கடன் கேட்பவனையும் மக்கா என்றுதான் திருப்பி அனுப்புகிறார். பத்ரிக்கு அந்த வார்த்தை கேட்டவுடனே பிடித்துப்போனது. அவருடைய ஊரிலும் இப்படித்தான், அப்பன் பிள்ளையைக் கொஞ்சும்போது 'அப்பா' என்றே கூப்பிடுவான், இங்கே அம்மாக்கள் சாப்பிட்டியாப்பா என்று கேட்பது போல. அவர்கள் மொழியில் அப்பாவுக்கு 'மாமா' என்று பெயர். அதைக் கேட்டு கிளீட்டஸ் நாள் முழுக்கச் சிரித்தார், உங்க ஊர்ல மாமன எப்பிடி சார் கூப்புடுவிய என்று சாயங்காலம்வரை விடவில்லை. பத்ரி பையன்களை மக்கா என்று கூப்பிடத் தொடங்கியபோது அதில் கள்ளம் எதுவும் இல்லை, அத்தனையும் பாசம். கள்ளம் போன மழைக்காலத்தில்தான் புகுந்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தனிடம் தண்ணீர் ஜாடியைக் கேட்க நினைத்தார், அவன் பெயர் இல்லை, மக்கா என்றார், ஜாடி வந்தது. அடுத்த வாரம் இன்னொருத்தன். மக்கா. பயிற்சியில், பேருந்தில், ஓய்வறையில், மக்கா, மக்கா, மக்கா. சார் இப்பம் சுத்தமா நம்ம ஊர்க்காரராட்டு ஆயிட்டாரு என்று பையன்கள் பூரித்துப்போனார்கள். அவர்கள் பூரிப்பைப் பார்க்கையில் அவருக்கு உள்ளே குறுகுறுத்தது. பொய் சொல்லவில்லை, அவர்களை உயிராக நேசிக்கிறார், அது சத்தியம். ஆனாலும் அந்த நேசத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

"சார்," என்றார் கிளீட்டஸ். "நேரம் போவுது." போகட்டும். நேற்று மனைவி லாமாராவிடம் ஃபோனில் பேசும்போதும் இப்படித்தான் ஆனது. அங்கே அவள் குத்தாய்ஸி நகரத்தில் சமையலறையில் நின்றுகொண்டு சுருக்கங்களோடும் அழகோடும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டாள், மீன் குழம்பில் நிறையக் கொத்தமல்லி போட்டிருந்தார்கள் நம் வீட்டில் போடுவது போல என்று சொல்ல வந்தார், கொத்தமல்லிக்கு அவர் சொந்த மொழியில் வார்த்தை வரவில்லை. பிறந்ததிலிருந்து சோற்றில் மணத்த வார்த்தை. தமிழில் வந்தது, இங்கிலீஷில்கூட வந்தது, அம்மா சொன்ன வார்த்தையைக் காணோம். தட்டிலிருந்து ஒரு இலையை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். விளையாட்டு என்று நினைத்து லாமாரா சிரித்தாள். அவரும் சிரித்தார். வயதானால் எல்லாருக்கும் மறக்கும். கிளீட்டஸ்கூடத் தன் கண்ணாடி நெற்றியில் இருக்கும்போதே அதைத் தேடுவார். எல்லாருக்கும் மறக்கும், எல்லாருக்கும்தான். ஆனால் எல்லாரும் ஸ்டாப்பராக ஆடியவர்கள் இல்லை. மைதானத்தில் மறுபடி ஒரு பந்து உயர எழுந்தது, அதைப் பார்த்ததும் பத்ரியின் குதிகால் தானாகத் தரையைவிட்டுக் கிளம்பியது, கழுத்து விறைத்தது, நெற்றி முன்னால் போனது. பெயரை மறந்த தலை இதை மறக்கவில்லை. நொண்டுகிற ஸ்டாப்பர் எப்படியோ எட்டி வெளியே தள்ளிவிட்டான், பந்து கோட்டைத் தாண்டிப் போனது, மதுரைக்காரர்களுக்குத் த்ரோ. பத்ரி மூச்சை விட்டார். தலைக்கு எத்தனை பந்து வந்திருக்கும் இத்தனை வருடத்தில். சின்ன வயதில் குத்தாய்ஸியில் பயிற்சிக் கூடத்து உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு பழைய தோல் பந்தைத் தொங்கவிட்டிருப்பார்கள், அது திரும்பித் திரும்பி வர வர நெற்றியால் முட்ட வேண்டும், முட்டி முடித்தவனுக்குத்தான் சூப்பு. வெளியே மழையில் ஆடினால் பந்து தண்ணீரைக் குடித்துவிட்டு வரும், ஊறின அரிசி மூட்டையை முட்டுவது போலத்தான், கண்ணுக்குள் மின்மினி பறக்கும், பறந்தால் சிரிப்பார்கள், யாருக்கு அதிகம் பறந்தது என்பதில் போட்டிகூட உண்டு. அந்த நெற்றியை வைத்துத்தான் பெரிய லீகுக்குப் போனார். நாடு உடைந்து, மின்சாரம் போய், குளிர்காலம் முழுக்க இருட்டிலேயே கிடந்த வருடங்களிலும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை ஆடினார்கள், ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஆட்கள் வரிசையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், ஆ பத்ரி எடுத்துட்டான் என்று அவர்கள் கத்திய கத்தலில் அன்றைக்கு எல்லாருக்குமே கொஞ்சம் வயிறு நிறைந்தது. அப்புறம் சைப்ரஸ், அப்புறம் முழங்கால், அப்புறம் மேனேஜர் வேலை, ஜெயித்தால் தோளில் தூக்கி, தோற்றால் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைக்கிற வேலை, ஊர் ஊராக, நாடு நாடாக, கடைசியில் இந்தக் கடற்கரை. இங்கே வந்ததும் முதல் வேலையாக வலை காயப்போடும் கம்பத்திலிருந்து ஒரு பந்தைத் தொங்கவிட்டார். பெயர் வராத அந்தப் பையன்தான் தினமும் முதலில் வந்து முட்டுவான், போதும் என்றாலும் நிறுத்த மாட்டான். இந்த நினைப்பின் பக்கம் அவர் கொஞ்ச நாளாகவே போவதில்லை.

போகாமல் இருந்தால் ஜுராப் விடுகிறானா. அவருக்கு இடப்பக்கம் பதினான்கு வருடம் ஆடிய இன்னொரு ஸ்டாப்பர், அவர் விட்ட பந்தை அவனும் அவன் விட்டதை அவரும் எடுத்து எடுத்தே வயதானவர்கள். அந்த நாட்டில் விருந்து என்றால் சாப்பாடு மட்டுமில்லை, மேசைக்கு ஒரு தலைவன் உண்டு, அவன் எழுந்து கோப்பையைத் தூக்கி, கடவுளுக்காக, நாட்டுக்காக, பெற்றவர்களுக்காக, இறந்தவர்களுக்காக, பிள்ளைகளுக்காக என்று ஒவ்வொன்றாகப் பேசுவான், அவன் பேசி முடிக்காமல் யாரும் குடிக்கக் கூடாது, அவன் பேசும்போது குறுக்கே ஒரு சொல் சொல்லக் கூடாது. ஜுராப் பேசினால் கல்லும் அழும், கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஜுராபுக்குத் தேதி தோதுப்படுமா என்று பார்ப்பார்கள். போன விடுமுறைக்குப் பத்ரி ஊருக்குப் போனபோது அவரை வரவேற்கத்தான் விருந்து, தலைவன் ஜுராப்தான், வேறு யார். இறந்தவர்களுக்கான முறை வந்தது. ஆண்கள் எல்லாரும் எழுந்தார்கள், வழக்கப்படி இறந்தவர்களுக்கென்று கொஞ்சம் திராட்சை ரசம் ஊற்ற ரொட்டித் துண்டைக் கையில் வைத்திருந்தார்கள். ஜுராப் தன் அப்பாவைச் சொன்னான், அம்மாவைச் சொன்னான், பழைய கோச்சைச் சொன்னான், அப்புறம், "நம்ம பத்ரி," என்றான். "என் வலது கை. அவன் இருக்கிறவரைக்கும் நான் பின்னால திரும்பிப் பார்த்ததே இல்ல. கடைசிவரைக்கும் ஒருத்தன்கிட்டயும் பயந்ததே இல்ல. தூரதேசத்துல போய்ச் செத்தான், மண் போடக்கூட நான் இல்ல." பத்ரி மேசைக்கு எதிர்ப்பக்கம் அவனுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். லாமாரா மேசைக்கடியில் அவர் சட்டை நுனியைப் பிடித்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, தலைவன் பேசும்போது சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது, ஜுராபின் கன்னத்தில் கண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பத்ரி தன் ரொட்டியில் தனக்காகவே திராட்சை ரசத்தை ஊற்றினார், மீதியைக் குடித்தார். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனைப் பற்றி அவ்வளவு நல்லதாக யாரும் சொல்வதில்லை. கிளம்பும்போது ஜுராப் வாசல்வரை வந்து மரியாதையாகக் கை கொடுத்து, "அவன் உங்களுக்குப் பழக்கமோ?" என்று கேட்டான். "கொஞ்சம் தெரியும்," என்றார் பத்ரி. மறுநாள் ஜுராபின் மனைவி சொன்னாள், அவன் மறதி பந்தைத் தலையால் அடித்ததால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், டாக்டருக்கே நிச்சயமில்லை என்று. நிச்சயமில்லை என்பதைப் பத்ரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினார், அந்தப் பிடியிலேதான் இத்தனை மாதமும் ஓட்டினார். இப்போது இந்தக் கோட்டோரத்தில் அது நழுவிக்கொண்டிருக்கிறது. பயமாக இருக்கிறது. கடைசிவரைக்கும் பயப்படாதவன் என்று பெயர் வாங்கிச் செத்தவருக்கு அடிவயிறுவரை பயமாக இருக்கிறது.

மதுரைக்காரர்களின் த்ரோ பத்ரியின் பையன் ஒருத்தன் காலில் பட்டுத் தெறித்துக் கோல் கோட்டுக்கு வெளியே போனது, கார்னர். இனியும் நிற்க முடியாது. "சார், ஆள மாத்தணும்னா இப்பமே மாத்தணும்," என்றார் கிளீட்டஸ். பத்ரி இரண்டு கையையும் வாயில் குவித்து, "மக்கா, வா!" என்று கத்தினார். மூன்று பேரும் ஓடிவந்தார்கள். ஓடிக்கொண்டே மூன்று பேரும் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றினார்கள், மூன்று முகத்திலும் என்னைத்தான் கூப்பிட்டார் என்ற அதே சந்தோஷம். பந்தலில் சிரிப்பு எழுந்தது. கைகாட்டிவிடலாம், இவன்தான் என்று தோளைத் தொட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது, இத்தனை மாதமாக அப்படித்தானே செய்தார். கை எழுந்தது. பக்கத்தில் வந்து நின்ற பையனின் நெற்றியைப் பார்த்தார். முடி தொடங்குகிற இடத்துக்குக் கீழே பந்து படுகிற அந்த இடம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது, காலையில் இவன் கம்பத்துப் பந்திடம் போயிருக்கிறான். இந்த நெற்றிக்குள் இவன் அம்மா சொல்லிக்கொடுத்த வார்த்தைகளெல்லாம் இருக்கின்றன. இவனை உள்ளே அனுப்பி, முட்டு என்று சொல்லப்போகிற ஆளுக்கு இவன் பெயர்கூடத் தெரியாது. அது தாங்கவில்லை. மற்றதெல்லாம் தாங்கலாம், இது தாங்கவில்லை. "உன் பேர் என்ன?" என்று கேட்டார். பையன் சிரித்தான், சார் ஏதோ விளையாடுகிறார் என்று. "எனக்குத் தெரியலை," என்றார் பத்ரி. "மறந்துபோச்சு. சொல்லு." சிரிப்பு அப்படியே நின்றது. மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். "ராயப்பன் சார்," என்றான் பையன் மெதுவாக. "எனக்க பேரு ராயப்பன்." வந்து உட்கார்ந்தது, இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றும்படி பழகின முகத்தோடு வந்து உட்கார்ந்தது. "ராயப்பன்," என்றார். "ராயப்பன். உள்ளே போ. பந்தைக் காலால் எடு. நெஞ்சால் எடு. தலை வேண்டாம்." பையன் கார்னர் கொடியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "மேல வாற பந்த வேற எதால சார் எடுக்க?" அதற்குப் பதில் தெரிந்திருந்தால் அவர் வேறு ஏதாவது வேலை பார்த்திருப்பார். போகாதே என்று ஒரு சொல் தொண்டைவரை வந்தது. பந்தலில் இந்தப் பையனின் அம்மா இருக்கிறாள், கடலுக்குப் போகாமல் வந்து நிற்கிற ஊர் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் இந்தப் பையனின் கண் இருக்கிறது, இந்த நாளுக்காகவே விடிந்து எழுந்த கண். பத்ரி அவன் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து அந்தச் சிவந்த இடத்தில் ஒரு முத்தம் வைத்தார், அப்புறம் விட்டார், அவன் ஓடினான்.

பந்து கொடியிலிருந்து கிளம்பி வளைந்து வந்தது. எல்லாத் தலைக்கும் மேலே ராயப்பன் எழுந்தான், அழகாகத்தான் எழுந்தான், அந்த அழகைப் பார்த்து பத்ரிக்கு நெஞ்சு விம்மியது, மறைக்க என்ன இருக்கிறது. முட்டினான். அந்தச் சத்தம் இத்தனை கத்தலுக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது, பத்ரி தன் மண்டைக்குள் கேட்டார். பந்து நடுக்கோடுவரை போனது, பந்தல் அதிர்ந்தது, ராயப்பன் திரும்பி அவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பத்ரி கை தட்டினார். தட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "கிளீட்டஸ்," என்றார், "நாளையிலிருந்து பயிற்சியில் யாரும் தலையால் அடிக்கக் கூடாது. மேட்ச் வேற. பயிற்சியில் கூடாது." "சரி சார்." "இன்னொண்ணு. நாளைக்கு ஆஸ்பத்திரி போகணும். நான். தலைக்கு டாக்டர். நீ கூட வா." கிளீட்டஸ் ஒரு அடி நெருங்கி வந்தார். "நானே சொல்லலாம்னுதான் சார் இருந்தேன். எப்பிடி சொல்லியதுன்னு தெரியல்ல." "காலையில் நான் வர மாட்டேன் என்பேன்," என்றார் பத்ரி. "அப்படி எதுவும் நான் சொல்லவே இல்லையே என்பேன். அது பொய்யா, நிஜமாவே மறந்துட்டேனா, உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால் கேட்டுட்டு நிக்காதே. கூட்டிட்டுப் போ." மதுரைக்காரர்கள் மறுபடி உயரமாக ஒரு பந்தை அடித்தார்கள், ஊர் மொத்தமும் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தது. கிளீட்டஸ் மட்டும் பார்க்கவில்லை. பத்ரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போவேன் சார்," என்றார், விசில் ஊதும்வரை அந்தக் கையை விடவில்லை.